படகின் ஹைட்ராலிக் கட்டுப்பாட்டை மின்னணுக் கட்டுப்பாடாக மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர் முதுநகரில் உப்பனாற்றின் கரையோரம் கட்டப்பட்டிருக்கும் விசைப்படகுகளில் பெரும்பாலானவற்றின் எஞ்சினை இன்றும் கம்பியோ கேபிளோதான் இயக்குகிறது. ஹைட்ராலிக் கட்டுப்பாட்டைப் பழைய இழுவைப் படகுகள், ரோந்துப் படகுகள், வெளியூரிலிருந்து வாங்கி வந்த உல்லாசப் படகுகள் போன்ற சிலவற்றில்தான் காண முடியும். ஓட்டுநர் நிற்கும் அறையான வீல் ஹவுஸில் லீவரை நகர்த்தினால் அதனடியில் உள்ள சிறு பிஸ்டன் எண்ணெயைத் தள்ளும். மெல்லிய குழாய் வழியே அந்த அழுத்தம் எஞ்சின் அறையில் உள்ள சிலிண்டரை அடைந்து, ஆக்சிலேட்டரையோ கியரையோ நகர்த்தும். ஆண்டுகள் பல ஓடி, சீல்கள் இறுகி, மூட்டுகளில் எண்ணெய் கசிந்து, உதிரிபாகமும் கிடைக்காமல் போகும்போது மின்னணுக் கட்டுப்பாட்டுக்கு மாற நினைப்பது நியாயமானதே. அதில் லீவர் ஒயர் வழியே குறிப்பை அனுப்பும்; எஞ்சின் அறையில் உள்ள ஆக்சுவேட்டர் என்ற மோட்டார் பெட்டி கேபிளைத் தள்ளி இழுத்து அதே வேலையைச் செய்யும். ஆனால் இதை லீவர் மாற்றும் வேலை என்று எண்ணித் தொடங்குவதிலிருந்துதான் பிற தவறுகள் எல்லாம் பிறக்கின்றன. இந்த வேலையில் படகு பழுதாகும் விதமே மாறிவிடுகிறது.

ஹைட்ராலிக் பழுது பெரும்பாலும் சொல்லிவிட்டு வரும். லீவர் பிடிப்பில்லாமல் தொளதொளக்கும்; வைத்த வேகத்தில் நிற்காமல் எஞ்சின் மெல்ல இறங்கும்; தரையில் எண்ணெய்த் துளி தெரியும். கை பழகிய ஓட்டுநர் வாரக்கணக்கில் முன்னதாகவே அதை உணர்ந்துவிடுவார். மின்னணுக் கட்டுப்பாட்டுக்கு அந்தக் குணம் இல்லை. நேற்று மாலை வரை குறையின்றி வேலை செய்த கருவி, ஒயர் முனையில் மாட்டும் ஒரு லக் தளர்ந்ததால் இன்று காலை முகத்துவாரத்தில் அலைக்கு நடுவே நின்றுவிடலாம். ஆகவே இங்கே முன்னெச்சரிக்கை முழுவதையும் பொருத்தும் நாளிலேயே செய்து முடிக்க வேண்டும்.

முதலில், பழையது ஏன் கெட்டது என்று பார்க்காமல் புதியதை வாங்குகிறார்கள். லீவர் கனமாக இருப்பதற்குக் காரணம் எப்போதும் ஹைட்ராலிக் அல்ல. எஞ்சின் பக்கம் சிலிண்டரைக் கழற்றிவிட்டுக் எஞ்சின் வேகத்தை ஆளும் கவர்னர் லீவரையும் கியர் லீவரையும் விரலால் நகர்த்திப் பாருங்கள். உப்பேறி இறுகிய ஷாஃப்ட் அங்கே இருந்தால், புதிய ஆக்சுவேட்டரின் மோட்டார் அதே சுமையைத் தூக்கித் தூக்கி எச்சரிக்கை ஒலி எழுப்பும். சீல் மாற்றி, குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றினாலே போதும் என்ற நிலையில் உள்ள படகுகளும் உண்டு. அவற்றின் உரிமையாளரிடம் அதை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும் என்பது என் கருத்து.

அடுத்தது மின்சாரம். நான் பார்த்த பழுதுகளில் மிகுதியானவை இங்கேதான். புதுச்சேரியின் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் ஒரு படகில் எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் கட்டுப்பாட்டுப் பெட்டி அலறிவிட்டு அணைந்துவிடுவதாகவும், புதுப் பெட்டிக்கு ஆர்டர் கொடுக்கப் போவதாகவும் சொன்னார்கள். மல்டிமீட்டரின் இரு முனைகளையும் பெட்டியின் மின் இணைப்பிலேயே வைத்துக்கொண்டு, இன்னொருவரைச் சாவியைத் திருகச் சொன்னேன். 12.6 வோல்ட் என்று நின்றிருந்த எண், ஸ்டார்ட்டர் சுழன்ற நொடியில் 8.9க்கு இறங்கி மீண்டும் ஏறியது. பெட்டியில் குறை ஒன்றுமில்லை. ஸ்டார்ட்டர் பேட்டரியிலிருந்தே அதற்கும் மின்சாரம் எடுத்திருந்தார்கள். தனி பேட்டரி ஒன்றை வைத்து, அது செயலிழந்தால் மற்றொன்றிலிருந்து தானாகவே மின்சாரம் வரும்படி அமைத்த பிறகு அந்தப் படகில் அலறல் நின்றது. பெட்டியின் இணைப்பு முனையில், ஸ்டார்ட் செய்யும் நேரத்தில் அளப்பதுதான் உண்மையான அளவு. எஞ்சின் ஓடாதபோது பேட்டரியின் மீது அளந்து பார்த்துவிட்டு மின்சாரம் சரியாக இருக்கிறது என்று முடிவு கட்டுவது இந்த வேலையில் பொதுவான ஏமாற்றம்.

ஒயரின் பருமனையும் கண்ணளவில் முடிவு செய்துவிடுகிறார்கள். பேட்டரியிலிருந்து ஆக்சுவேட்டர் பெட்டி 10 மீட்டர் தொலைவில் இருந்தால், போகவும் வரவுமாக 20 மீட்டர் செம்பு. 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 10 ஆம்பியர் ஓடும்போது ஏறத்தாழ 1.4 வோல்ட் வழியிலேயே இழக்கப்படும். முக்கியமான கருவிகளுக்கு இழப்பு 3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது படகு மின்வேலையில் பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. 12 வோல்ட்டில் அது 0.36 வோல்ட்தான். அதே தொலைவுக்கு 10 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால்தான் இழப்பு 0.35 வோல்ட்டுக்கு இறங்கும். வீட்டு வேலைக்கு விற்கும் ஒயரை வாங்கிப் போடுவதும் தவறு. இரண்டு மழைக்காலம் கழித்து அதன் உறையைச் சீவிப் பாருங்கள். லக்கிலிருந்து ஒரு சாண் தூரம்வரை செம்பு கறுத்து, இழைகள் தொட்டால் உதிரும். வெள்ளீயம் பூசிய செம்பு ஒயரும், முறையான கருவியால் நெரித்த லக்கும், பசையுடன் சுருங்கும் உறையும் கொஞ்சம் கூடுதல் விலைதான். உப்புக்காற்றுக்கு ஈடுகொடுப்பவை அவைதாம்.

கியர் பக்கம் நேரும் தவறு வெளியே தெரியாது. அதனால்தான் அதை மிகவும் அஞ்ச வேண்டியிருக்கிறது. பல கியர் பெட்டிகளில் லீவர் ஒரு எண்ணெய் வால்வைத் திறக்கிறது. லீவர் தன்னை நிறுத்திப் பிடிக்கும் குழியில் முழுமையாக விழாமல் சற்று முன்னதாகவே நின்றால், கிளட்சுக்குப் போக வேண்டிய அழுத்தம் குறையும். தட்டுகள் வழுக்கிச் சூடேறி, சில நாள்களில் கருகிவிடும். ஆக்சுவேட்டருக்கு இதெல்லாம் தெரியாது. அதற்குச் சொல்லிக்கொடுத்த தூரம் மட்டும் போய் நின்றுவிடும். கூடுதலாகத் தள்ளினாலும் கெடுதல்தான். மோட்டார் இரும்பை முட்டிக்கொண்டே இருக்கும். சோதிக்கும் முறை எளியது. கேபிளின் முனையைக் கியர் லீவரிலிருந்து கழற்றுங்கள். கியர் லீவரைக் கையால் முன்னோக்கித் தள்ளிக் குழியில் உட்கார வையுங்கள். பிறகு வீல் ஹவுஸ் லீவரையும் முன்னோக்கி வைக்கச் சொல்லி, கேபிள் முனையின் துளையும் கியர் லீவரின் துளையும் நேராக அமைகின்றனவா என்று பாருங்கள். இரண்டையும் இணைக்கும் ‘பின்’ (சிறு ஆணி) எதிலும் உரசாமல் தானாக விழ வேண்டும்; சுத்தியால் தட்ட வேண்டியிருந்தால் அளவு தவறு. பின்னோக்கிய கியருக்கும் ஆக்சிலேட்டரின் இரு எல்லைகளுக்கும் இதே சோதனையைச் செய்துவிட்டு, எஞ்சின் ஓடும்போது கியர் எண்ணெயின் அழுத்தத்தைத் தயாரிப்பாளரின் கையேட்டோடு ஒப்பிட வேண்டும்.

முன்னோக்கிய கியரிலிருந்து பின்னோக்கிய கியருக்கு மாறும்போது நியூட்ரலில் எத்தனை நொடி நிற்க வேண்டும் என்பதும் நாமே அமைக்க வேண்டிய ஒன்று. முன்பு இந்தப் பொறுமையை ஓட்டுநரின் கை காட்டியது. நேரத்தை மிகக் குறைத்தால் கியரில் அடி விழும், எஞ்சினும் நின்றுவிடலாம். கூட்டிவிட்டால் படகு ஜெட்டியில் மோதும். தொழிற்சாலையில் வைத்த அளவு உங்கள் படகின் எடைக்குப் பொருந்துமென்று நம்பி விட்டுவிட வேண்டாம்.

சிறியவை சில. 24 வோல்ட் படகுக்கு 12 வோல்ட் கருவி வாங்கிவிடுவது. படகை ஓட்டும் லீவர் உள்ள நிலையங்களில் ஒன்றை மட்டும் மாற்றி, மேல் தளத்து நிலையத்தைப் பழைய எண்ணெய்க் குழாயிலேயே விட்டுவைப்பது. புகைக்குழாயின் அனலிலோ தண்ணீர் சொட்டும் இடத்திலோ ஆக்சுவேட்டரைப் பொருத்துவது. நியூட்ரலில் இல்லாதபோது ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் இணைப்பை அவசரத்தில் கொடுக்காமல் போவது. இரும்புப் படகில் வெல்டிங் வைக்கும் முன் கட்டுப்பாட்டுப் பெட்டியின் இணைப்பைக் கழற்றாமல் விடுவது. இது ஒரே நிமிடத்தில் மொத்தச் செலவையும் வீணாக்கிவிடும். கழற்றிய குழாய்களில் உள்ள பழைய எண்ணெயை டின்னில் வடித்து எடுங்கள். அது ஆற்றுக்குள் போக வேண்டியதல்ல.

கேபிளிலிருந்து மின்னணுவுக்கு மாறும் மீன்பிடிப் படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம் நல்ல வாய்ப்பு. ஆனால் கருவி வந்து சேரவே நாளாகி, ஜூன் இரண்டாம் வாரத்தில் வேலையைத் தொடங்கி, சோதனை ஓட்டம் இல்லாமலே தொழிலுக்குப் போகிற நிலையை உண்டாக்கிக்கொள்ளக் கூடாது. முதலில் ஜெட்டியில் இறுகக் கட்டிவைத்து, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் கியரைப் பலமுறை மாற்றிப் பார்க்க வேண்டும். பிறகு அமைதியான கடலில், சுற்றிலும் இடம் இருக்கும்போது, கட்டுப்பாட்டுப் பெட்டியின் மின்சாரத்தை வேண்டுமென்றே நிறுத்துங்கள். எஞ்சின் அதே வேகத்தில் ஓடுகிறதா, ஐடில் என்னும் மிகக் குறைந்த வேகத்துக்கு இறங்குகிறதா, கியர் எங்கே நிற்கிறது என்பது கருவிக்குக் கருவி மாறும்; ஓட்டுநர் அதைத் தன் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். எஞ்சினை நிறுத்தும் வழி இந்தப் பெட்டியைச் சாராமல் தனியாக இருக்கிறதா என்பதையும் அப்போதே இயக்கிப் பாருங்கள். அதே ஓட்டத்தில் ஒருவர் எஞ்சின் அறைக்குள் இறங்கிப் பின்னைக் கழற்றி, கியரைக் கையால் நியூட்ரலுக்குக் கொண்டுவரட்டும். மேலிருந்து அவருக்கு எப்படிச் சைகை கொடுப்பது என்பதையும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை நொடி ஆகிறது என்று கடிகாரத்தில் பார்த்து, இருட்டிலும் அதைச் செய்ய முடிகிறது என்று தெரிந்த பிறகே படகை முகத்துவாரத்தைத் தாண்டித் தொழிலுக்கு அனுப்ப வேண்டும்.