மனச்சோர்வைக் கண்டறிய ஒரு சிறு வல்லுநர் அமைப்பு: எந்த விதி முதலில் ஓட வேண்டும்?

நிபுணர் ஒருவரின் அறிவை ‘இப்படி இருந்தால் இதைச் செய்’ என்ற விதிகளாக எழுதி வைத்த மென்பொருள்தான் வல்லுநர் அமைப்பு. மனநலத் துறைக்கு இது புதிதல்ல. 1968-லேயே ராபர்ட் ஸ்பிட்சரும் ஜீன் எண்டிகாட்டும் மனநோயை அடையாளம் காண ‘டயக்னோ’ என்ற நிரலை வெளியிட்டார்கள். ஸ்பிட்சர் பின்னாளில் சேர்ந்து உருவாக்கிய பிஎச்க்யூ-9 என்ற மனச்சோர்வுக் கேள்வித்தாளை வைத்தே நாம் பழகலாம். பைத்தான் நிரல்மொழியில் ‘இஃப்’ எழுதத் தெரிந்தால் போதும்.

படி 1: விடைகளை வாங்குங்கள்

கடந்த 2 வாரங்களைப் பற்றி 9 கேள்விகள்: ஆர்வமின்மை, மனச்சோர்வு, தூக்கம், களைப்பு, பசி, தாழ்வெண்ணம், கவனம், உடல் மந்தம் அல்லது பரபரப்பு, சாவு அல்லது தன்னைக் காயப்படுத்தும் எண்ணம். ஒவ்வொன்றுக்கும் 0 (இல்லவே இல்லை) முதல் 3 (கிட்டத்தட்ட தினமும்) வரை மதிப்பெண். கேள்விகளை நீங்களே மொழிபெயர்க்காதீர்கள். தமிழ் வடிவம் ஏற்கெனவே இருக்கிறது.

படி 2: ஆபத்து விதி

கூட்டல் எல்லாம் அப்புறம். 9-ஆம் கேள்விக்கு 1 வந்தாலே நிரல் அங்கேயே நின்று, உடனே ஒரு மனிதரிடம் தகவலைச் சேர்க்க வேண்டும். ஏன் இவ்வளவு கண்டிப்பு? ஒருவருக்கு மொத்தம் 4 மதிப்பெண்தான் வருகிறது. ஆனால் அதில் ஒன்று சாவைப் பற்றிய எண்ணம். மொத்தத்தை மட்டும் பார்க்கும் நிரல் அவரை ‘பெரிதாக ஒன்றுமில்லை’ என்று அனுப்பிவிடும். இந்தியாவில் பயன்படுத்துவதென்றால் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416-ஐயும் திரையில் காட்டுங்கள்.

படி 3: அறிகுறிகளை எண்ணுங்கள்

2 அல்லது 3 வாங்கிய கேள்வியை அறிகுறியாகக் கணக்கிடுங்கள். 9-ஆம் கேள்விக்கு மட்டும் 1 போதும். குறைந்தது 5 அறிகுறிகள் இருந்து, அவற்றில் ஒன்று முதல் இரண்டு கேள்விகளுக்குள் வந்தால் ‘பெரும் மனச்சோர்வாக இருக்கலாம்’. மொத்த மதிப்பெண் தீவிரத்தைக் காட்டும்: 5 முதல் லேசானது, 10 முதல் மிதமானது, 15 முதல் சற்றுக் கடுமையானது, 20 முதல் கடுமையானது.

3 முதல் 7 வரையுள்ள கேள்விகளுக்கு 2, மற்றதற்கெல்லாம் 0 என்று கொடுத்துப் பாருங்கள். மொத்தம் 10 வரும், ஆனால் இந்த விதி பொருந்தாது. இரண்டு கணக்கும் தேவைப்படுவது இதனால்தான்.

படி 4: விலக்கு விதிகள்

தைராய்டு குறைந்தாலும் களைப்பு, தூக்கம், கவனக்குறைவு எல்லாம் வரும். மது, சில மருந்துகள், அண்மையில் நேர்ந்த மரணம் பற்றியும் கேளுங்கள். ‘தூக்கமே தேவைப்படாமல் பல நாள் அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு இருந்ததுண்டா?’ என்ற கேள்வியை விடவே கூடாது. மிகை எழுச்சியும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறு உள்ளவருக்கு மனச்சோர்வு மருந்தை மட்டும் கொடுத்தால் மிகை எழுச்சி கிளம்பிவிடக்கூடும்.

படி 5: காரணம் சொல்ல வையுங்கள்

1970-களில் ஸ்டான்ஃபோர்டில் உருவான ‘மைசின்’ என்ற மருத்துவ வல்லுநர் அமைப்பு, ஒரு கேள்வியை ஏன் கேட்டது என்று மருத்துவருக்கு விளக்கியது. நீங்களும் பொருந்திய விதிகளின் பெயர்களை ஒரு பட்டியலில் சேர்த்து முடிவோடு அச்சிடுங்கள்.

படி 6: சிகிச்சைப் பகுதி

இங்கே அடக்கம் வேண்டும். மருந்துப் பெயரோ அளவோ வேண்டாம். லேசானதென்றால் சில வாரம் கழித்து மறுபடி கேள்வித்தாள்; 10 அல்லது அதற்கு மேலென்றால் மருத்துவரின் நேரடி மதிப்பீடு; உற்சாகக் கேள்விக்கு ‘ஆம்’ என்றால் மதிப்பெண் எதுவானாலும் மனநல மருத்துவர். மருத்துவர் நிரலின் முடிவை மறுத்தால் அதைக் காரணத்தோடு பதியவும் ஓர் இடம் விடுங்கள். அடுத்து எந்த விதியைத் திருத்துவது என்பதை அந்தப் பதிவுகள்தான் காட்டும்.