ஸ்கோர்கார்டு படிப்பது எப்படி: 2011 இறுதி ஆட்டத்தை வைத்து ஒரு பயிற்சி

கிரிக்கெட் சொற்களை வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்தால் ஒரு வாரத்தில் மறந்துவிடும். ஒரு ஸ்கோர்கார்டை எதிரில் வைத்துக் கூட்டிக் கழித்துப் பாருங்கள், மறக்காது. 2011 ஏப்ரல் 2 அன்று மும்பை வான்கடேயில் நடந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். இலங்கை 50 ஓவரில் 274/6, இந்தியா 48.2 ஓவரில் 277/4.

277/4 என்றால் 277 ரன், 4 விக்கெட் போயிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் இதையே 4/277 என்று திருப்பி எழுதுவார்கள். அணியில் 11 பேர் இருந்தாலும் 10 விக்கெட்தான். கடைசி ஆளுக்கு எதிர்முனையில் துணை இல்லாவிட்டால் ஆட முடியாது. பத்தில் 4 போக மீதி 6. அதனால்தான் இந்தியா "6 விக்கெட் வித்தியாசத்தில்" வென்றது.

புதிதாகப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் 48.2. அது தசமம் இல்லை. 48 முழு ஓவர், அதற்கு மேல் 2 பந்து. ஓவருக்கு 6 பந்து என்பதால் மொத்தம் 290 பந்து. ரன் ரேட் (ஓவருக்கு எத்தனை ரன்) பார்க்க 277-ஐ 48.2-ஆல் வகுத்தால் 5.75 என்று தப்பாக வரும். 290 பந்தை 6-ஆல் வகுத்தால் 48.33, அதை வைத்து வகுத்தால் 5.73, இதுதான் சரி.

பேட்டிங் பகுதியில் தோனி 91*, 79 பந்து. எண்ணுக்குப் பின்னால் நட்சத்திரம் இருந்தால் நாட் அவுட். 91-ஐ 79-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 115.19, அவருடைய ஸ்ட்ரைக் ரேட், அதாவது 100 பந்துக்கு எத்தனை ரன் என்ற கணக்கு. பவுலருக்கு ஸ்ட்ரைக் ரேட் என்று சொன்னால் பொருளே வேறு: ஒரு விக்கெட்டுக்கு எத்தனை பந்து வீசினார் என்பது. அங்கே எண் குறைவாக இருப்பதே நல்லது.

இந்திய பேட்ஸ்மேன்கள் ஆறு பேரும் எடுத்ததைக் கூட்டினால் 262. மீதி 15 எக்ஸ்ட்ரா, அதாவது உதிரி ரன்கள். இலங்கை பவுலர்கள் கணக்கில் ஏறியதோ 270. 7 ரன் எங்கே போனது? மட்டையில் படாமல் ஓடி எடுத்த பை, உடலில் பட்டு ஓடிய லெக் பை இரண்டும் பவுலர் தலையில் ஏறாது. அந்த 7 அதுதான். வைடும் (பேட்ஸ்மேனுக்கு எட்டாமல் போன பந்து) நோ பாலும் (விதி மீறி வீசிய பந்து) பவுலர் தவறு என்பதால் அவர் கணக்கில் சேரும். வைடு போட்டால் ஒரு ரன் கொடுத்தது போக அந்தப் பந்தையும் திரும்ப வீச வேண்டும், ஆகவே அது 290-க்குள் வராது.

பவுலிங் வரிசையில் இந்தியாவின் ஜாகிர் கான் 10-3-60-2 என்று இருக்கும். ஓவர், மெய்டன், ரன், விக்கெட் என்ற வரிசையில் படிக்கவும். மெய்டன் என்பது பவுலர் கணக்கில் ஒரு ரன்னும் ஏறாத ஓவர். பை, லெக் பை போனாலும் மெய்டன் கெடாது. 60-ஐ 10-ஆல் வகுத்தால் எகானமி (ஓவருக்கு சராசரியாகக் கொடுத்த ரன்) 6. இலங்கையின் முத்தையா முரளிதரன் 8-0-39-0, எகானமி 4.875. விக்கெட் இல்லை என்பதற்காக மோசமாக வீசினார் என்று முடிவு கட்டாதீர்கள். ஓவருக்கு ஐந்துக்கும் கீழே கொடுத்திருக்கிறார்.

இப்போது இலங்கை இன்னிங்ஸ். விழுந்தது 6 விக்கெட். இந்திய பவுலர்களுக்கு ஜாகிர் 2, யுவராஜ் 2, ஹர்பஜன் 1 என ஐந்துதான் வருகிறது. போல்டு, கேட்ச், எல்பிடபிள்யூ, ஸ்டம்பிங் எல்லாம் பவுலர் கணக்கு. ரன் அவுட் எந்தப் பவுலர் கணக்கிலும் ஏறாது. ஆறாவது ஆள் குலசேகரா, 32 ரன்னில் ரன் அவுட்.