தொட்டி முதலில், பாலன் அப்புறம்

ஐந்து வருடத்துக்கு முன்னால், டிசம்பர் 26 சாயங்காலம். ஏற்காட்டிலிருந்து வந்திருந்த அத்தை எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் குடிலுக்கு முன்னால் செபமாலை சொல்ல உட்கார்ந்தவர், "பாலன் எங்கம்மா?" என்று கேட்டார். சீரியல் லைட் எரிகிறது, மேலே நட்சத்திரம் தொங்குகிறது, மாதாவும் சூசையப்பரும் குனிந்து பார்க்கிறார்கள். நடுவில் பாலன் இயேசுவைக் கிடத்த வேண்டிய தீவனத் தொட்டி காலி. பாலன் சுரூபம் பீரோவுக்குள், பழைய பேப்பரில் சுற்றியபடியே கிடந்தது. புதுத்துணி, கேக், பிரியாணி, விருந்தாளி என்று ஓடியதில் இரண்டு நாளாக ஒருவர் கண்ணிலும் படவில்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. அடுத்த வருடமே எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டோம்.

முதலில், குடிலைச் சீக்கிரம் போடுங்கள். கிறிஸ்துமஸுக்குத் தயாராகும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் நடுவில் வரும். அன்றே போட்டுவிடலாம். தெர்மாகோல் குடிலை வாங்கி வைக்காமல் பிள்ளைகள் கையால் கட்டட்டும். கவாத்தில் வெட்டிய காப்பிக் குச்சிகளை அத்தை எங்களுக்காகக் கட்டி வைப்பார். அந்தக் கட்டு இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, சேலம் நாலு ரோடு பக்கம் எங்கள் வாடகை வீட்டுக்கு வந்து சேரும். விளக்கும் ஜிகினாவும் குறைவாக இருந்தால் போதும். 1223-ல் புனித அசிசி பிரான்சிஸ் இத்தாலியில் கிரேச்சோ ஊரில் அமைத்த குடிலில் தீவனத் தொட்டியும் வைக்கோலும், உயிருள்ள ஒரு மாடும் கழுதையும்தான்.

அடுத்தது வைக்கோல். எனக்கு இதுதான் முக்கியம். விரல் நீளத்துக்கு வெட்டி ஒரு டப்பாவில் போட்டுக் குடில் பக்கத்தில் வையுங்கள். அன்றைக்கு யாருக்காவது ஒரு நல்லது செய்தவர், ராத்திரி செபத்துக்கு அப்புறம் ஒரு வைக்கோலைத் தொட்டியில் போடலாம். என்ன செய்தோம் என்று வெளியே சொல்லக் கூடாது. பாலன் படுக்கப்போகும் மெத்தை அது. முதல் வாரம் நாலைந்துதான் விழும், கவலைப்படாதீர்கள். ஒரு நாள் என் மகன் தான் போட்டதைத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தான். ஏன் என்று கேட்டேன். "காலையில பாப்பாவ தள்ளிவிட்டேன்மா." எடுக்க வேண்டாம், நாளைக்கு அவளுக்கு ஏதாவது செய்துவிட்டு இன்னொன்று போடு என்றேன். பிள்ளைகள் கணக்குப் பார்க்க ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். கூலி வாங்கவா நல்லது செய்கிறோம்?

24-ஆம் தேதி ராத்திரி பூசை முடிந்து வந்ததும் எல்லா விளக்கையும் அணைத்துவிடுவோம். ஒரே ஒரு மெழுகுதிரி. வீட்டில் சின்னவள் யாரோ, அவள் கையில் பாலன். பைபிளில் இயேசு பிறந்த கதை வரும் லூக்கா 2-ஆம் அதிகாரம், முதல் 20 வசனம். ஐந்து நிமிடம்கூட ஆகாது. பெரியவர்களே படிக்காமல் ஆளுக்கு இரண்டு மூன்று வசனம் பிரித்துக் கொடுங்கள், எழுத்துக்கூட்டிப் படித்தாலும் சரி. அவர்களுக்கு விடுதியில் இடம் கிடைக்காத இடத்துக்கு வரும்போது எங்கள் வீட்டில் தானாகவே எல்லோரும் தொட்டியைப் பார்ப்பார்கள். படித்து முடித்ததும் பாலனைக் கிடத்துவோம். கேக்கும் பரிசும் அதற்கு அப்புறம்தான்.

மதிய விருந்துக்கு, போக இடமில்லாத ஒருவரையாவது கூப்பிடுங்கள். அன்று காலையில் கூப்பிட்டால் சங்கடப்பட்டு வரமாட்டார்கள், இரண்டு நாள் முன்னாலேயே போய்ச் சொல்லிவிட வேண்டும். போன வருடம் பக்கத்து அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் வந்தார். தட்டைக் கையில் கொடுத்து வாசலோடு அனுப்பாதீர்கள். கூட உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

பாலனைப் பார்க்க வந்த மூன்று இராசாக்களையும் அவசரப்பட்டுக் குடிலில் வைக்க வேண்டாம். ஜன்னல் மேடையிலிருந்து தினமும் ஒரு சாண் நகர்த்தினால் ஜனவரி 6-ஐ ஒட்டி வரும் அவர்கள் திருநாளுக்குச் சரியாக வந்து சேர்வார்கள். அப்புறம் குடிலைப் பிரிக்கலாம். மற்றச் சுரூபங்களைப் பெட்டியில் போடுகிறோம். பாலனை மட்டும் பீரோவுக்கு அனுப்புவதில்லை. வருடம் முழுக்கச் செபம் சொல்லும் பீடத்தில், மாதா படத்துக்குக் கீழே ஒரு சின்னக் கூடையில் இருக்கிறார்.