தாய் சி பழக வரும் ரீச்சர்மாரும் சேர்மாரும் விடும் பிழைகள்

விடியற்காலையில் மட்டக்களப்பில் கல்லடிக் கடற்கரையிலோ காந்தி பூங்காப் பக்கமோ நடக்கிறவர்களைக் கவனித்தால், பென்சன் எடுத்த ரீச்சர்மாரும் சேர்மாரும் நிறையப் பேர் இருப்பார்கள். முப்பது வருடம் கரும்பலகைக்கு முன்னால் நின்றதில் முழங்காலும் நாரியும் தேய்ந்துபோன ஆட்கள். வெளிநாட்டிலிருக்கும் மகள் வீடியோ அனுப்பியதாலோ, கிளினிக்கில் யாராவது சொன்னதாலோ இவர்களில் சிலர் தாய் சி என்ற, மெதுவான அசைவுகளால் ஆன சீனத் தற்காப்புக் கலையின் பக்கம் வருகிறார்கள். வந்தவர்களில் பலர் இரண்டு மூன்று மாதத்தில் நின்றுவிடுகிறார்கள். வயதைக் காரணம் சொல்வார்கள். நான் பார்த்தவரை, படிப்பித்தே பழகியவர்களுக்குப் படிக்க உட்காருவதுதான் பெரிய கஷ்டமாக இருக்கிறது. அவர்கள் விடுகிற பிழைகள் முக்கால்வாசி அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

முதலாவது, சிலபஸ் முடிக்கிற அவசரம். “இன்றைக்கு எத்தனையாவது அசைவு? மொத்தம் எத்தனை? எப்போது முடியும்?” முதல் வாரமே இந்தக் கேள்விகள் வந்துவிடும். இன்று பரவலாகப் பழகப்படும் 24 அசைவுத் தொகுப்பு, 1956இல் சீன விளையாட்டு ஆணைக்குழு சாதாரண சனங்களுக்காக, தாய் சியின் பிரிவுகளில் ஒன்றான யாங் மரபிலிருந்து சுருக்கி எடுத்தது. முழுதாகச் செய்தால் ஐந்தாறு நிமிடத்தில் முடிந்துவிடும். ஆகவே வரிசையைப் பாடமாக்குவது பெரிய வேலையில்லை. கொப்பியில் எழுதி, கெட்டிக்கார ஆட்கள் ஒரு மாதத்தில் ஒப்புவித்தும் விடுவார்கள். அப்புறம்தான் சலிப்பு வருகிறது. முடிந்த பாடத்தை ஏன் திரும்பத் திரும்ப நடத்த வேண்டும் என்று தோன்றும். இதில் வரிசை தெரிந்த பிறகுதான் வேலையே தொடங்குகிறது என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். முதல் மூன்று அசைவை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டு மாதம் ஓட்டினாலும் நட்டமில்லை.

இரண்டாவது, பக்கத்தில் நிற்பவரைத் திருத்துவது. இது தொழில் நோய், மாறாது. ஓய்வுபெற்ற கணித சேர் ஒருவர் எங்களோடு பழகுகிறார். அவருடைய சொந்த இடது தோள் காதுவரை ஏறி நிற்கும், கண் மட்டும் முன்வரிசையில் நிற்கும் அம்மாவின் முழங்கையில் இருக்கும். “ரீச்சர், கை இன்னும் கொஞ்சம் கீழே!” அந்த நேரத்தில் அவருக்குத் தன் உடம்பே தெரியாது. தாய் சியில் உள்ள பயன் எல்லாம் தன் பாரம் எந்தக் காலில் நிற்கிறது, எங்கே இறுகி இருக்கிறது என்று கவனிப்பதிலிருந்து வருகிறது. பார்வை வெளியே போனால், மிச்சம் இருப்பது மெதுவான கையாட்டல்தான்.

இந்த இடத்தில் பெரிய ஆசான்கள் இந்தக் கலைக்கு வந்த கதையைச் சொல்வது உதவும். அவர்களும் முதலில் வேறு எதிலோ கெட்டிக்காரர்கள். செங் மான்-சிங் ஓவியமும் கவிதையும் படிப்பித்த ஆசிரியர். இளம் வயதிலேயே காசநோய் வந்து இரத்தமாக இருமியவர். உடம்பைத் தேற்றத்தான் தாய் சியைப் பிடித்தார், பிறகு யாங் மரபின் ஆசான் யாங் செங்புவிடம் மாணவராகச் சேர்ந்தார். நீண்ட தொகுப்பை 37 அசைவாகச் சுருக்கி, 1960களில் நியூயோர்க்கில் அமெரிக்கர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். சுன் லூதாங்கின் கதை எனக்கு இன்னும் பிடிக்கும். வேறு இரண்டு சீனத் தற்காப்புக் கலைகளில் பெயர்பெற்ற ஆசான் அவர். ஏறக்குறைய ஐம்பது வயதில், பீஜிங்கில் நோயாகக் கிடந்த தாய் சி ஆசான் ஹாவ் வெய்ஜென்னைப் பராமரித்தார். தேறிய ஹாவ் நன்றிக்கடனாகத் தாய் சி சொல்லிக் கொடுக்க, சுன் மறுபடி மாணவராக நின்றார். இன்று சுன் மரபு என்று தனியாகவே ஒன்று இருக்கிறது. எங்கள் பக்கம் சீனடி, சிலம்பம் பழகிவிட்டு வருகிற பெரியவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். பழைய வித்தையை மறக்கத் தேவையில்லை, ஆனால் ஒவ்வொரு அசைவிலும் “இது எங்கள் அடியில் இன்னதுதான்” என்று ஒப்பிட்டுக்கொண்டிருந்தால் புதியது உள்ளே வராது.

சரி, உடம்பைக் கெடுக்கிற பிழைக்கு வருவோம். முழங்கால்.

வீடியோவில் இளம் சீனப் போட்டியாளர் தொடை நிலத்துக்குச் சமாந்தரமாக வரும்வரை தாழ்ந்து செய்வார். அதைப் பார்த்து அறுபத்தைந்து வயது ரீச்சர் தாழக் கூடாது. உயரமான நிலையில், முழங்கால் சற்றே மடிந்திருந்தால் போதும். மடியும்போது முழங்கால் பெருவிரலைத் தாண்டி முன்னால் போகவும் கூடாது, உள்பக்கம் சரியவும் கூடாது. குனிந்து பார்த்தால் அது இரண்டாம் விரலின் நேரே இருக்க வேண்டும்.

இதைவிட மோசமானது, பாரம் ஏறிய காலைத் திருகுவது. காட்டுக்குதிரையின் பிடரியைப் பிரிப்பது என்று ஓர் அசைவு, 24இல் ஆரம்பத்திலேயே மூன்று முறை வரும். முதலாவது முடிவில் இடது கால் முன்னே, உங்கள் எடையில் ஏறத்தாழ 70 வீதம் அதில் நிற்கும். அடுத்து வலது காலை முன்னே கொண்டுவர வேண்டும், அதற்கு இடது பாதம் வெளியே திரும்ப வேண்டும். அவசரக்காரர் எடையை எடுக்காமலே திருப்புவார். பாதம் நிலத்தில் ஒட்டிக்கொண்டு நிற்க, இடுப்பும் தொடையும் சுழல, நடுவில் மாட்டுப்படுவது முழங்கால். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று வாரத்தில் படி இறங்கும்போது உள்பக்கம் பிடிக்கும், “தாய் சி எனக்குச் சரிவராது” என்று வீட்டில் இருந்துவிடுவார்.

செய்ய வேண்டியது இதுதான். முதலில் பின்காலில் உட்காருவதுபோலப் பாரத்தைப் பின்னுக்கு எடுங்கள். இடது பாதத்தின் விரல்கள் தானாக எழும்பும். குதியை ஊன்றியபடி, இடுப்போடு சேர்த்துப் பாதத்தை 45 பாகை அளவு வெளியே திருப்புங்கள். பாதம் முழுதாக நிலத்தில் படிந்த பிறகுதான் பாரம் முன்னே வர வேண்டும். யாங் செங்பு வகுத்த பத்து விதிகளில், நிறைந்த காலையும் வெறுமையான காலையும் பிரித்தறி என்பதும் ஒன்று. திருப்புவதென்றால் வெறுமையான காலைத்தான் திருப்ப வேண்டும். ஒரு நாளைக்கு இதை மட்டும் கதிரையின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பத்துத் தடவை செய்யுங்கள். வரிசையெல்லாம் பிறகு.

முழங்கால் வாதத்தோடே இந்தக் கலைக்கு வந்தவர் அவுஸ்திரேலியக் குடும்ப வைத்தியர் போல் லாம். பதின்ம வயதிலேயே மூட்டுத் தேய்மானம் பிடித்தவர். 1997இல் மூட்டு வாதக்காரர்களுக்கென்று தனித் தொகுப்பு அமைத்தபோது, உயரமான நிலையும் சுறுசுறுப்பான அடிவைப்பும் உள்ள சுன் மரபைத்தான் முக்கியமாக எடுத்தார். முழங்கால் ஏற்கெனவே பழுதானவர்கள் அங்கிருந்து தொடங்குவது புத்தி.

மூச்சைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். கை ஏறும்போது இழு, இறங்கும்போது விடு என்று வலிந்து பொருத்தப் போய் மூச்சை அடக்குகிறவர்கள்தான் அதிகம். பிறஷர் உள்ளவர்களுக்கு அது நல்லதில்லை. மூக்கால் சாதாரணமாக விடுங்கள், பொருந்த வேண்டிய நேரத்தில் அதுவாகப் பொருந்தும்.

வீடியோ பார்த்துப் பழகுகிறவர்கள், சொல்லித்தருபவர் முதுகைக் காட்டி நிற்கும் வீடியோவாகத் தேடி எடுங்கள். முகத்தைக் காட்டி நிற்பவரைப் பார்த்தால் இடம் வலம் மாறி, பிறகு வகுப்பில் எல்லோரும் ஒரு பக்கம் போக நீங்கள் மட்டும் மறுபக்கம் போவீர்கள். இது சிரிப்புக்குரிய பிழைதான், ஆனால் திருத்த மாதக்கணக்காகும்.

கடற்கரை மணலில் செய்வது படத்துக்கு அழகு. மெத்தென்ற மணலில் பாதம் புதையும், குதியில் திரும்ப முடியாது, கணுக்கால் பிரளும். அலை நனைத்த இறுகிய மணலோ சரிவு. சீமெந்துத் தரையும் மெல்லிய அடியுள்ள சப்பாத்தும் நல்லது. கிழக்குக் கரையில் சூரியன் நேரே கடலிலிருந்து முகத்தில் அடிக்கும், ஆகவே ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

குளிசையை நிறுத்துவதுதான் நான் கண்டிப்பாகப் பேசும் விடயம். 2016இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், முழங்கால் தேய்மானம் உள்ள 204 பேரைப் பிரித்து ஒரு பகுதிக்கு 12 வாரம் தாய் சியும் மற்றப் பகுதிக்குப் பிசியோதெரபியும் கொடுத்தார்கள். வலி குறைவதில் இரண்டும் ஏறக்குறையச் சமமாக வந்தன. 2012இல் பார்க்கின்சன் நோயாளர்களில் செய்த இன்னோர் ஆய்வு, சமநிலை கூடி விழுவது குறைந்ததாகக் காட்டியது. நல்ல செய்திதான். ஆனால் இவற்றில் எதுவும் சீனிக்கும் பிறஷருக்கும் போடுகிற குளிசையைக் குப்பையில் போடச் சொல்லவில்லை. “இதைச் செய்தால் மருந்தே வேண்டாம்” என்று யாராவது வகுப்பு நடத்தினால் அங்கே போகாதீர்கள். ஆயிரக்கணக்கான வருடப் பழமை, மலைத் துறவி கண்டுபிடித்தது என்று கதை விடுகிறவர்களையும் கொஞ்சம் தள்ளியே வையுங்கள். 17ஆம் நூற்றாண்டில் ஹெனான் மாகாணத்துச் சென் கிராமத்திலிருந்துதான் இந்தக் கலையின் வரலாற்றைத் தெளிவாகப் பின்தொடர முடிகிறது.

கடைசியாக, மாரி. கார்த்திகையில் மழை பிடித்தால் வெளியே இடம் கிடையாது, வெள்ளம் வடிந்து திரும்பக் கூடுவதற்குள் தை பிறந்துவிடும். அதற்குள் பாதிப்பேர் விட்டுவிடுவார்கள். வீட்டு விறாந்தையில் நாலு அடி இடம் இருந்தால் மேகக் கைகள் என்ற அசைவைச் செய்யலாம். பக்கவாட்டில் இரண்டு அடி போய், அதே இரண்டு அடி திரும்பி வந்தால் போதும். பேரப்பிள்ளைகள் பின்னால் நின்று நடித்துக் காட்டிச் சிரிப்பார்கள், அவர்களையும் திருத்தப் போகாதீர்கள்.