சேர்வர் கிளஸ்டருக்கு ஸ்டோரேஜ் பூட்டேக்க விடக்கூடாத பிழையள்

இஞ்ச வன்னிப் பக்கம் சேர்வர் ரூம் எண்டுறது இப்ப புதுசில்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின்ர பொறியியல் பீடம் கிடக்கு, வவுனியா வளாகம் 2021இல தனிப் பல்கலைக்கழகமா வந்திட்டுது, படிச்சு வெளிய வாற பெடியள் பெட்டையளின்ர கையிலதான் இந்த வேலையள் வந்து சேருது. கன சேர்வரைச் சேத்து ஒண்டா ஓடவிடுறதுதான் கிளஸ்டர், அதுக்கு டேட்டா வைக்கிற டிஸ்க் பெட்டியள் பூட்டேக்க விடுற பிழையளைப் பத்தி அவையளுக்காகத்தான் இதை எழுதுறன்.

முதல்ல ஒண்டை மனசில வைச்சிருங்கோ. டிஸ்க் அரே, அதாவது கன டிஸ்க்கை ஒண்டாச் சேத்து ஓடவிடுற தொகுதி, பிழையாப் பூட்டினாலும் முதல் நாள் வடிவா வேலை செய்யும், லைட் எல்லாம் பச்சையா எரியும், ஃபைல் கொப்பி பண்ணினாப் போகும். பிழை வெளிய தெரியிறது ஒரு டிஸ்க் சாகிற அண்டைக்கு, இல்லாட்டி ஒரு பக்கக் கரண்ட் போற அண்டைக்கு. அண்டைக்குச் சாமான் வேணுமெண்டால் கனதரம் கொழும்பில இருந்துதான் வரவேணும், கிளிநொச்சியில இருந்து பாத்தா 300 கிலோமீற்றருக்கு மேல. அதால கொழும்புக்காரர் சமாளிச்சிட்டுப் போற பிழையை நாங்கள் சமாளிக்கேலாது.

பாரத்தில இருந்து தொடங்குவம். 60 டிஸ்க் பிடிக்கிற பெட்டியள் இருக்கு, ஒரு 3.5 இஞ்சி டிஸ்க் கிட்டத்தட்ட 700 கிராம் வரும், அப்ப டிஸ்க் மட்டுமே 40 கிலோவுக்கு மேல. அதை டிஸ்க்கோட தூக்கி ராக்கில ஏத்தப் பாக்கிறது ஆக்களுக்கும் ஆபத்து, ரெயிலும் வளைஞ்சிடும். வெறும் பெட்டியை ராக்கின்ர அடிப்பக்கமா வைச்சு ஆணி இறுக்கிப்போட்டுத்தான் டிஸ்க்கை ஒவ்வொண்டாச் செருகவேணும். செருக முதல் ஒவ்வொரு டிஸ்க்கின்ர சீரியல் நம்பரையும் அது போற இடத்தையும் ஒரு தாளில எழுதுங்கோ, ஏனெண்டால் உள்ள போனாப் பிறகு அந்த ஸ்டிக்கர் கண்ணுக்குத் தெரியாது, நாளைக்கு பழுதான டிஸ்க்கைக் கழட்டப்போய் நல்ல டிஸ்க்கை இழுத்து எடுக்கிறது இந்தத் தொழிலில அடிக்கடி நடக்கிற விசயம்.

கரண்டில வாற பிழைதான் எங்கட பக்கம் கூட. ஒவ்வொரு பெட்டிக்கும் பின்னால ரெண்டு பவர் சப்ளை இருக்கும், ரெண்டு வயரும் தொங்கும், ரெண்டையும் கிட்டக் கிடக்கிற ஒரே யூபிஎஸ்ஸில (கரண்ட் போனா பற்றரியால குடுக்கிற பெட்டி) கொளுவிப்போட்டு ரெண்டு பவர் இருக்கு எண்டு நினைச்சுப் போயிடுவினம். ஒண்டு ஒரு யூபிஎஸ்ஸில, மற்றது மற்ற யூபிஎஸ்ஸில, நெட்வேர்க் சுவிச்சுக்கும் அதே மாதிரி. அப்பிடிப் பிரிச்சாலும் ரெண்டு யூபிஎஸ்ஸிலயும் 60 வீதம் லோட் ஓடினால் ஒண்டு விழ மற்றதுக்கு 120 வீதம் வரும், அதுவும் விழும். ஒவ்வொண்டும் 50 வீதத்துக்குக் கீழ, இன்னும் குறைவா இருந்தால் நல்லம். ஏசியையும் மறக்காதைங்கோ, கரண்ட் போனா சேர்வர் யூபிஎஸ்ஸில ஓடிக்கொண்டிருக்கும், ஏசி நிண்டிடும், அறை கொஞ்ச நேரத்தில அவிஞ்சிடும். கரண்ட் வந்தாப் பிறகு தானாத் திரும்ப ஓடுற ஏசியா எண்டு பாருங்கோ, ரிமோட்டை அமத்த ராத்திரி 2 மணிக்கு அங்க ஆர் இருக்கப்போகினம்? சேர்வருக்குள்ள போற காத்து 18 இல இருந்து 27 பாகைக்குள்ள இருக்கவேணும் எண்டதுதான் பொதுவா ஏற்றுக்கொண்ட அளவு.

எர்த்தை, அதாவது கசியிற கரண்டை நிலத்துக்குள்ள இறக்கிற கம்பியை, மாரிக்க அளந்து ஓகே போடுறது இன்னொரு பிழை. ஈரமண்ணில கம்பி நல்ல அளவு காட்டும், ஆடி ஆவணியில நிலம் காய்ஞ்சு வெடிக்கேக்க அதே கம்பியின்ர தடை ஏறிப்போயிருக்கும், அதால கோடையிலதான் அளக்கவேணும். சித்திரையிலயும் ஐப்பசியிலயும் பின்னேர இடி மின்னலுக்குப் பயந்து, கட்டடத்துக்குக் கட்டடம் போற லைன் எல்லாம் செப்புக் கேபிளா இல்லாமல் ஃபைபராப் போடுங்கோ. சோளகம் அடிக்கிற மாசங்களில ஜன்னல் இடுக்கால வாற புழுதி பெரிய பிரச்சினை, கட்டட வேலை முடியாத அறைக்குள்ள டிஸ்க் பெட்டியை உடைக்கவே கூடாது, ராக்கில காலியான இடங்களுக்கு மூடி போடவேணும், போடாட்டி காத்துச் சுத்தவேண்டிய வழியில சுத்தாது.

கேபிளுக்கு வருவம். ரெண்டு கொன்ட்ரோலர் (டிஸ்க்குகளை நடத்துற பகுதி), மூண்டு நாலு பெட்டி எண்டு சங்கிலியாப் போகேக்க கனபேர் ரெண்டு கொன்ட்ரோலரில இருந்தும் மேலயிருந்து கீழ ஒரே மாதிரி இழுப்பினம். நடுப்பெட்டி செத்தால் அதுக்குக் கீழ உள்ளது முழுக்கக் காணாமல் போயிடும். ஏ கொன்ட்ரோலர் மேலயிருந்து கீழ, பி கொன்ட்ரோலர் கீழயிருந்து மேல, அப்ப நடுவில ஒண்டு போனாலும் மிச்சத்துக்கு ஏதோ ஒரு பக்கத்தால வழி இருக்கும். உங்கட அரேயின்ர மனுவலில வேற மாதிரிப் படம் போட்டிருந்தால் அதைத்தான் கேக்கவேணும். ரெண்டு வழியையும் சேர்வரின்ர ஒரே கார்ட்டில கொளுவினாலும் பிரயோசனமில்லை, கார்ட் போனா ரெண்டும் போச்சு.

இனி எல்லாத்திலயும் மோசமான பிழை, இதை ஆறுதலாச் சொல்லோணும். ரெண்டு சேர்வருக்கும் ஒரே டிஸ்க் தெரியுது எண்டு ரெண்டிலயும் ஈஎக்ஸ்டி4 இல்லாட்டி எக்ஸ்எஃப்எஸ் எண்ட ஃபைல் சிஸ்டத்தை (டிஸ்க்கில எந்த ஃபைல் எங்க கிடக்கு எண்டு கணக்கு வைக்கிற முறை) ஒரே நேரத்தில மவுண்ட் பண்ணுறது, அதாவது பாவிக்கத் திறக்கிறது. இந்த ஃபைல் சிஸ்டம் ரெண்டும் தன்னைத் தவிர வேற ஆரும் அந்த டிஸ்க்கில எழுதயில்லை எண்டு நம்பி வேலை செய்யிறதுகள். ஒரு சேர்வர் தன்ர மெமரியில இருக்கிற கணக்கை வைச்சு இந்த இடம் காலி எண்டு எழுதும், மற்றதும் அதே இடத்தைக் காலி எண்டு எழுதும், எரர் ஒண்டும் வராது, நாலைஞ்சு நாள் கழிச்சுத்தான் ஃபைல்கள் குப்பையாக் கிடக்கிறது தெரியும். ரெண்டு பேரும் ஒரே நேரத்தில எழுதவேணுமெண்டால் ஜிஎஃப்எஸ்2, ஓசிஎஃப்எஸ்2 மாதிரி கிளஸ்டருக்கெண்டு செய்தது வேணும். ஒராள் எழுத மற்றாள் காத்திருக்கிற முறையெண்டாலும் ஃபென்சிங் கட்டாயம், அதாவது பதில் சொல்லாத சேர்வரின்ர கரண்டை வெட்டிப்போட்டுத்தான் மற்றது டிஸ்க்கைத் தொடலாம். பதில் இல்லை எண்டதுக்காக அது செத்துப்போச்சு எண்டு எடுக்கேலாது, நெட்வேர்க் வயர் மட்டும் கழண்டிருக்கலாம். தொந்தரவா இருக்கு எண்டு ஃபென்சிங்கை ஓஃப் பண்ணி வைக்கிறவையைப் பாக்க எனக்கு உண்மையாப் பயமா இருக்கு. ரெண்டு சேர்வர் மட்டும் உள்ள கிளஸ்டர் எண்டால் எது தொடர்ந்து ஓடுறது எண்டு தீர்மானிக்க மூண்டாவது வோட்டுக்கு ஒரு சின்ன மெசினாவது வையுங்கோ.

லினக்ஸ் டிஸ்க்குக்குக் குடுக்கிற எஸ்டிஏ, எஸ்டிபி எண்டு வாற பேரை நம்பி ஒண்டும் எழுதாதைங்கோ, ரீபூட் பண்ண மாறிடலாம், டிஸ்க்கின்ர நிரந்தர ஐடியைப் பாவியுங்கோ. ரெண்டு வழியையும் ஒண்டாச் சேத்துக் காட்டுற மல்டிபாத் போடாட்டி ரெண்டு வழியால வாற ஒரே டிஸ்க் ரெண்டு டிஸ்க்காத் தெரியும், அதில ஆரும் புதுசு எண்டு ஃபோர்மற் பண்ணினால் கதை முடிஞ்சுது. நெட்வேர்க்கால போற ஸ்டோரேஜ் எண்டால் எம்ரியூவை (ஒரு தரத்தில போற பொதியின்ர ஆகக்கூடின அளவு) 9000 எண்டு சேர்வரில போட்டு சுவிச்சில மறந்திடுறது இருக்கு, சும்மா பிங் போகும், டேட்டா போகேக்க மட்டும் தொங்கும். பொதியை உடைக்க விடாமல் 8972 பைட்டில (மிச்ச 28 பைட் பொதியின்ர தலைப்புக்குப் போகும்) பிங் பண்ணிப் பாருங்கோ, தெரிஞ்சிடும்.

பெரிய டிஸ்க்குக்கு ரெயிட் 5 (ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா தப்புற மாதிரி கன டிஸ்க்கில பிரிச்சு எழுதுற முறை) போடாதைங்கோ. செத்ததுக்குப் பதிலாப் போட்ட 16 டெராபைட் டிஸ்க் ஒண்டை செக்கனுக்கு 200 மெகாபைட் வேகத்தில விடாமல் எழுதினாலும் 22 மணித்தியாலம் செல்லும், நிஜத்தில ஆக்கள் பாவிச்சுக்கொண்டிருக்க இன்னும் கூட, அந்த நேரத்தில இன்னொரு டிஸ்க் போனா எல்லாம் போச்சு. ரெயிட் 6 போட்டால் ரெண்டு போனாலும் தாங்கும். அதுக்காக பேக்கப் வேண்டாம் எண்டில்லை, தெரியாமல் அழிச்ச ஃபைலை எந்த ரெயிட்டும் திருப்பித் தராது.

ஃபேர்ம்வெயாரை, அதாவது டிஸ்க்குக்குள்ளயே ஓடுற மென்பொருளை, பாக்காமல் விடுறதையும் சொல்லவேணும். 2019 நவம்பரில சேர்வர் செய்யிற எச்பிஈ கம்பனி ஒரு அறிவித்தல் விட்டது, அவையின்ர சில எஸ்எஸ்டி வகையள் 32,768 மணித்தியாலம் ஓடினதும் அப்பிடியே செத்திடும், டேட்டாவும் எடுக்கேலாது எண்டு. கணக்குப் பாத்தா 3 வருசம் 270 நாள் 8 மணித்தியாலம். 2020 மார்ச்சில வேற வகையளுக்கு 40,000 மணித்தியாலம் எண்டு இன்னொரு அறிவித்தல். யோசிச்சுப் பாருங்கோ, அரே ஒண்டில எல்லா டிஸ்க்கையும் ஒரே நாளிலதானே ஓன் பண்ணுறனாங்கள், அப்ப எல்லாம் ஒரே நேரத்திலதான் சாகும், ரெயிட் 6 என்ன செய்யும்? டேட்டா ஏத்த முதலே புது ஃபேர்ம்வெயாரைப் போட்டிடுங்கோ, ஏலுமெண்டால் வேற வேற தொகுதியில வந்த டிஸ்க்கைக் கலந்து போடுங்கோ.

எல்லாம் பூட்டி முடிய, ஒரு ஃபைலும் ஏத்த முதல், டெஸ்ட் டேட்டா எழுதிக்கொண்டிருக்கேக்கயே கழட்டிப் பாருங்கோ. ஒரு பவர் வயரை இழுங்கோ, போட்டிட்டு மற்றதை. ஒரு கேபிளை, ஒரு டிஸ்க்கை, கடைசியா ஒரு சேர்வரை. ஒவ்வொண்டுக்கும் எச்சரிக்கை மெயில் ஆருக்கு வருது எண்டும் பாருங்கோ, வேலையை விட்டுப்போன ஆளின்ர விலாசத்துக்குப் போகுதோ தெரியாது. ஸ்பெயார் டிஸ்க் ரெண்டை அண்டைக்கே வாங்கி அலுமாரியில பூட்டி வையுங்கோ, அதே மொடல் எடுக்கிறதுதான் நல்லம், வேற மொடல் எண்டால் அளவைச் சரிபாக்கவேணும், ஏனெண்டால் பேருக்கு 16 டெராபைட்டா இருந்தாலும் உள்ளுக்க கொஞ்சம் குறைஞ்ச டிஸ்க்கை அரே ஏற்காமல் விட்டிடலாம்.