வருமானம் குறையும் மாதங்களில் ஆயுள் காப்பீட்டைக் காப்பாற்றுவது எப்படி?

வெள்ளி விலை ஏறி ஆர்டர் குறைந்தால் சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைகளில் கூலி குறைகிறது. ஏற்காட்டுத் தோட்டங்களில் காப்பிப் பழம் பறிக்கும் பருவம் முடிந்தால் கையில் வரும் பணம் சுருங்கிவிடுகிறது. பிரீமியத் தவணையோ பாலிசி தொடங்கிய தேதியை ஒட்டியே வரும். ஆகவே வேலை மிகுந்த மாதங்களிலேயே அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் அந்தத் தொகையைச் சிறிது சிறிதாக ஒதுக்கிவிடுவது நல்லது.

அப்படியும் பணம் போதாவிட்டால், வீட்டிலுள்ள பாலிசிகளை எல்லாம் எடுத்து, இறப்புக்கு மட்டும் பணம் தரும் டேர்ம் பாலிசி எது, சேமிப்பும் கலந்த பாலிசி எது என்று பிரித்துக்கொள்ளுங்கள். டேர்ம் பாலிசிக்கே முதலிடம் தர வேண்டும் என்பது என் கருத்து. ஏனெனில் ஆண்டுதோறும் கட்டும் டேர்ம் பாலிசியை நிறுத்தினால் பெரும்பாலும் எதுவும் திரும்பக் கிடைக்காது, குடும்பத்துக்கான பெரிய பாதுகாப்பும் அதோடு போய்விடும்.

தவணைத் தேதி தவறினாலும் உடனே பாதுகாப்பு அறுந்துவிடாது. மாதத் தவணைக்கு 15 நாளும், மற்றவற்றுக்கு 30 நாளும் சலுகைக் காலம் உண்டு. அதற்குள் இறப்பு நேர்ந்தால் கட்டாத பிரீமியத்தைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். ஆண்டுக்கு ஒருமுறை கட்டுவதைக் காலாண்டாகவோ மாதமாகவோ மாற்றித் தரும்படியும் கேட்கலாம். மொத்தத்தில் சற்றுக் கூடுதலாகச் செலவாகும் என்றாலும், பாலிசி காலாவதியாவதைவிட அது மேல்.

சேமிப்புப் பாலிசியைத் தொடரவே முடியாது என்றால், சரண்டர் செய்வதற்கு (பாதியிலேயே பாலிசியை ஒப்படைத்துப் பணம் வாங்குவதற்கு) முன் அதைப் 'பெய்டு-அப்' ஆக்கினால் எவ்வளவு நிற்கும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 20 ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய்க்கு எடுத்த பாலிசியில் 8 ஆண்டு கட்டியிருந்தால், காப்புத் தொகை 80,000 ரூபாயாகக் குறைந்து, மேற்கொண்டு பிரீமியம் இல்லாமல் தொடரும். அதுவரை சேர்ந்த போனஸும் பொதுவாக அதோடு நிற்கும். பாலிசியின் மேல் கடன் வாங்குவது குறுகிய நெருக்கடிக்கு மட்டுமே பொருந்தும், ஏனெனில் வட்டியைக் கட்டாமல் விட்டால் அது பாலிசியின் மதிப்பையே தின்றுவிடும்.

பழையதை சரண்டர் செய்து புதியது எடுக்கச் சொல்லும் ஏஜென்டிடம் எச்சரிக்கையாக இருங்கள். முதலாண்டுக் கமிஷன் அவருக்கு, கூடிய வயதுக்கான கூடுதல் பிரீமியம் உங்களுக்கு. காலாவதியான சாதாரணப் பாலிசியை, கட்டாமல் விட்ட முதல் தவணையிலிருந்து 5 ஆண்டுக்குள், யூலிப் (பங்குச் சந்தை போன்றவற்றோடு இணைந்த பாலிசி) என்றால் 3 ஆண்டுக்குள், நிலுவையைக் கட்டிப் புதுப்பிக்க முடியும். ஆனால் உடல்நலச் சான்று கேட்பார்கள் என்பதால், சர்க்கரையோ இரத்த அழுத்தமோ வந்துசேரும் வயதில் காலம் கடத்துவது ஆபத்து.

இந்தப் பாலிசிகள் எதையுமே கட்ட இயலாத வீட்டிலும், 18 முதல் 50 வயதுக்குள் இருப்பவர் வங்கிக் கணக்கு வழியாக ஆண்டுக்கு 436 ரூபாயில் பிரதமரின் ஜீவன் ஜோதி திட்டத்தில் சேர்ந்தால் 2 லட்சம் ரூபாய்ப் பாதுகாப்பு கிடைக்கும். அந்தத் தொகையை ஆண்டுதோறும் மே மாதத்தில் வங்கியே எடுத்துக்கொள்ளும் என்பதால், அப்போது கணக்கில் இருப்பு இருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும்.