மேக்கிங் படம் எடுக்கப் போறீங்களா? கேமராவை இந்தப் பக்கம் திருப்புங்க

ஃப்ரெண்டு ஒருத்தன் படம் எடுக்குறான், "நீ சும்மாதானே இருக்க, மேக்கிங் எடுத்துக் குடேன்"னு (அதாவது ஷூட்டிங் எப்படி நடக்குதுன்னு காட்டுற படம்) சொல்லிட்டான், கையில ஒரு போன் மட்டும் இருக்கு, எங்க ஆரம்பிக்கிறதுன்னே புரியல. இப்படி மாட்டிக்கிட்டவங்களுக்குத்தான் இந்தப் பதிவு.

ஸ்டெப் 1: எடுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு பாருங்க. டைரக்டர் ஸ்டான்லி குப்ரிக்கோட பேய்ப்படம் 'தி ஷைனிங்' 1980ல வந்துச்சுல்ல, அந்த ஷூட்டிங் இங்கிலாந்துல எல்ஸ்ட்ரீ ஸ்டுடியோல நடந்தப்ப அவரோட பொண்ணு விவியன், டீன் ஏஜ் பொண்ணு, ஒரு 16 எம்எம் கேமராவைத் தூக்கிட்டு செட்டுக்குள்ள சுத்திச் சுத்தி எடுத்த 'மேக்கிங் தி ஷைனிங்'தான் அது. அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல ஓடும், பிபிசியில போட்டாங்க. டிவிடியில விவியனே பேசுற கமெண்ட்ரியும் இருக்கு. ரெண்டு தடவை பாருங்க. ரெண்டாவது தடவை சவுண்டை ஆஃப் பண்ணிட்டு கேமரா எங்க நிக்குதுன்னு மட்டும் கவனிங்க.

'தி ஷைனிங்' ஹீரோ ஜாக் நிக்கல்சன் பாத்ரூம் கதவைக் கோடாரியால பிளக்குற சீன் தெரியாத ஆளே கிடையாது. விவியன் பிடிச்சது அதுக்கு முன்னாடி நடக்கறதை. மனுஷன் டேக்குக்கு முன்னாடி கோடாரியோட குதிக்கிறார், முனகுறார், தன்னைத்தானே உசுப்பேத்திக்கிறார், பக்கத்துல யூனிட் ஆளுங்க பாட்டுக்கு அவங்க வேலையைப் பார்த்துட்டு இருக்காங்க. இன்னொரு இடத்துல ஸ்டோர் ரூம் கதவுல சாஞ்சு நிக்கிற நிக்கல்சனை எந்த ஆங்கிள்ல எடுக்கலாம்னு குப்ரிக் தரையில மல்லாக்கப் படுத்துப் பார்க்கிறார். படத்துல வர்ற அந்த ஷாட் எப்படிப் பொறந்துச்சுன்னு சில செகண்ட்ல புரிஞ்சிடும், பேட்டியில ஒரு மணி நேரம் பேசினாலும் இது வராது.

ஸ்டெப் 2: பர்மிஷன். டைரக்டர் ஓகே சொன்னா மட்டும் பத்தாது, தயாரிப்பாளர்கிட்ட எழுதி வாங்கிடுங்க, படத்தோட க்ளிப் யூஸ் பண்ணலாமா, எப்ப ரிலீஸ் பண்ணலாம்ங்கறதையும் சேர்த்து.

ஸ்டெப் 3: போன் செட்டிங். ஃப்ளைட் மோட் போடுங்க. நம்ம ஊரு கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால செகண்டுக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் ஸ்பீடு 1/50 செகண்ட்னு வச்சா டியூப்லைட் விட்டு விட்டு மின்னுற தொல்லை பெரும்பாலும் இருக்காது. வெளிச்சம் தானா கூடிக் குறையாம இருக்க எக்ஸ்போஷரை லாக் பண்ணிடுங்க. அவ்ளோதான், கேமரா வாங்கணும்னு கடன் எல்லாம் வாங்காதீங்க.

ஸ்டெப் 4: சவுண்டு. நான் வாங்கிக் கட்டிக்கிட்டது இதுலதான். முதல் தடவை ஒரு கேமராமேனை 40 நிமிஷம் பேச வச்சு எடுத்தேன், அருமையா பேசினார், வீட்டுக்கு வந்து ஹெட்போன் மாட்டினா பின்னாடி ஜெனரேட்டர் சத்தம் மட்டும்தான் கேக்குது, அவர் வாய் அசையுது அவ்ளோதான். காலர் மைக்கை தாடைக்குக் கீழ ஒரு சாண் தூரத்துல குத்துங்க, எடுக்கும்போதே ஹெட்போன்ல கேளுங்க, பேசி முடிச்சதும் அந்த இடத்தோட வெறும் சத்தத்தை 30 செகண்ட் தனியா ரெக்கார்ட் பண்ணுங்க. எடிட்ல ரெண்டு வெட்டுக்கு நடுவுல இருக்கிற ஓட்டையை அடைக்க அதுதான் உதவும்.

ஸ்டெப் 5: எதை எடுக்கறது? மெயின் கேமரா பார்க்கிற பக்கம் நீங்க பார்க்காதீங்க, அதை அவங்களே எடுத்துடுவாங்க. அந்தப் பக்கம் முதுகைக் காட்டி நின்னு யூனிட் ஆளுங்க இருக்கிற இந்தப் பக்கம் திரும்புங்க. மானிட்டர் பார்க்கிறவங்க முகம், டேப் வச்சு தூரத்தை அளந்து ஃபோகஸ் வைக்கிற ஃபோகஸ் புல்லர், லைட் மாத்துற வரைக்கும் டயலாக்கை முணுமுணுக்கிற நடிகை, இதெல்லாம்தான் உங்க படம். தினமும் புதுசு புதுசா டைப் பண்ணின பக்கம் வர்றதால பழைய ஸ்கிரிப்டையே தொடறதில்லன்னு விவியன் படத்துல நிக்கல்சன் சொல்றதும் இப்படி சும்மா இருந்த நேரத்துல சிக்கினதுதான்.

ஸ்டெப் 6: பேட்டியை அவசரப்படாம எடுங்க. ஆமா இல்லன்னு முடியுற கேள்வி வேணாம், பதில் முடிஞ்சதும் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாதீங்க, ஒரு அஞ்சு செகண்ட் சும்மா இருங்க. விவியன் படத்துல, 'தி ஷைனிங்'ல நடிச்ச ஸ்கேட்மேன் க்ரோதர்ஸ் அதுல வர்ற குட்டிப் பையனோட நடிச்சதைப் பத்திப் பேசும்போது அழுதுடுவார், கேமரா அப்பவும் ஓடிட்டே இருக்கும். அதே விவியன் படத்துல ஹீரோயின் ஷெல்லி டுவாலை குப்ரிக் எல்லார் முன்னாடியும் கடிஞ்சுக்கிறதும் இருக்கு, கூடவே ஷெல்லி தன் தரப்பைச் சொல்றதும் இருக்கு. சண்டையை மட்டும் போட்டிருந்தா அது வம்பு வீடியோ. நீங்களும் திட்டு வாங்கினவங்களைத் தனியா உக்கார வச்சு கேளுங்க, அவங்க வேணாம்னா அந்த சீனையே தூக்கிடுங்க.

ஸ்டெப் 7: எடிட். பத்து நாள் ஷூட்டிங்கை வரிசையா அடுக்காதீங்க, தூக்கம் வரும். ஒரே ஒரு சீனைப் பிடிச்சுக்கிட்டு காலையில லைட் வைக்கிறதுல இருந்து "டேக் ஓகே" வரைக்கும் போங்க, பேட்டியெல்லாம் நடுநடுவுல வரட்டும். முதல் தடவை 10 நிமிஷத்துக்கு மேல போகவே போகாதீங்க. சினிமாப் பாட்டைப் பின்னாடி ஓட விட்டா காப்பிரைட்ல தூக்கிடுவாங்க, செட்டு சத்தமே போதும். கடைசியில பேர் போடும்போது லைட்மேன், டிரைவர், டீ குடுத்த தம்பி எல்லாரையும் கேட்டு எழுதிக்கோங்க, இனிஷியலோட.